தோணி ஆடட்டும் சேர், நீங்க என்னத்துக்கு ஆடுறீங்க?



மூன்று கிழமையாக ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு வீடியோ சுற்றுகிறது. களப்பில் நாலு பேர் பலகையில் ஏறுவதும் விழுவதும், பிறகு ஏறுவதும் விழுவதும். பின்னால் யாரோ ஒரு பொடியன் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம். அந்த நாலு பேரும் நாங்கள்தான். மறுக்கவில்லை. சிரித்தவன் தரம் 10 பி வகுப்பு. அதுவும் எங்களுக்குத் தெரியும்.

தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் முற்றத்தில், ஏன், பாடசாலை ஸ்டாஃப் றூமிலும் கேட்டுவிட்டார்கள். "இந்த வயசில என்னத்துக்கு சேர் இந்த வேல?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

இதைத் தொடக்கி வைத்தது பலகை அல்ல, பள்ளிவாசல் ஹவ்ளு. கடந்த நோன்பில், அஸருக்கு வுழூ செய்யும்போது எங்கள் கணக்குச் சேர் ஒரு காலைத் தூக்கிக் கழுவினார். மற்றக் கால் நழுவியது. வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு கிழமை மாவுக்கட்டு. பிள்ளைகளுக்கு இடது கையால் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்குகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வழுக்கி விழுந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். க்ளினிக்கில் ஒரு தாதி மெல்லிய நைலோன் நூலொன்றை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுக்கொண்டே "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டிருக்கிறார். பல இடங்களில் இவருக்குத் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக சீனி வருத்தம். காலின் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. நிலம் எங்கே இருக்கிறது என்று கால் தலைக்குச் சொல்லும் செய்தி பாதி வழியில் தொலைந்துபோகிறது.

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று பேர் உதவுகிறார்கள் என்று டொக்டர் அவருக்கு விளக்கினாராம். கண் ஒன்று. காதுக்கு உள்ளே இருக்கும், தலை சாய்வதை அறியும் உறுப்பு இரண்டாவது. உள்ளங்காலும் மூட்டுகளும் தசைகளும் தரும் உணர்வு மூன்றாவது. ஒருவர் லீவு போட்டால் மற்ற இருவரும் அவருடைய பாடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். (உதாரணம் டொக்டருடையதல்ல, எங்களுடையது. ரிலீஃப் பீரியட் எடுத்தவர்களுக்குப் புரியும்.) அந்த இருவரையும் பழக்கினால் விழுவது குறையும், பழக்காவிட்டால் வயது ஏற ஏற மூவரும் சேர்ந்தே மங்குவார்கள்.

"சமநிலைக்குப் பயிற்சி செய்யுங்க" என்றுதான் டொக்டர் சொன்னார். பலகையில் ஏறச் சொல்லவில்லை. அது எங்கள் பழைய மாணவன் ஒருவனுடைய யோசனை. அறுகம்பையில் சீசனுக்கு வெள்ளைக்காரருக்கு சேர்ஃபிங் பழக்குகிறவன். எங்கள் வகுப்பில் இருந்த காலத்தில் கணக்கில் 35 தாண்டாதவன். "சேர், ஒங்களுக்கு நான் பழக்குறன், வாங்க" என்று கணக்குச் சேரிடம் அவன் சொன்னபோது அந்தக் குரலில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது என்று இன்றுவரை சந்தேகிக்கிறோம்.

கணக்குச் சேரைத் தனியே விட மனமில்லாமல் மற்ற மூவரும் சேர்ந்து போனோம். இப்படித்தான் தொடங்கியது.

பெடல் போர்ட் என்பது சேர்ஃபிங் பலகையை விடப் பெரியது. அதன் மேல் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் வலிப்பது. ஹவாயில் லெயர்ட் ஹமில்டன், டேவ் கலாமா போன்றவர்கள் 2000களின் தொடக்கத்தில் இதைப் பிரபலப்படுத்தினார்கள். 2012இல் பெரு நாட்டில் உலக சம்பியன்ஷிப்பும் நடந்தது. ஆனால் நின்றுகொண்டு வலிப்பது ஹவாய்க்காரன் கண்டுபிடித்ததா என்று எங்கள் களப்பு மீனவரிடம் கேட்டால் சிரிப்பார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

எங்களுக்குத் தந்தது காற்றடிக்கும் பலகை. பத்தரை அடி நீளம், 34 அங்குல அகலம். புதியவர்களுக்கு அகலம்தான் முக்கியம். மெலிந்த பலகை வேகமாகப் போகும், ஆனால் எங்களைப் போன்றவர்களை ஏற்காது. காற்று 15 பீஎஸ்ஐ வரை அடிக்க வேண்டும் என்றான். கார் டயருக்குப் போடுவதில் கிட்டத்தட்டப் பாதி. கைப்பம்பில் கடைசி நாலைந்து பீஎஸ்ஐ உயிரை எடுக்கும். முதல் நாள் நாங்கள் களைத்துப்போய் 9இல் நிறுத்திவிட்டோம். ஏறினால் பலகை நடுவில் வாழைமட்டை மாதிரி வளைகிறது. அன்றைய விழுகைகளில் பாதி அந்தக் காற்றுக் குறைவால் வந்தது. மீதிப் பாதி எங்களுடையது.

முதல் விழுகை ஏறிய உடனேயே. கணுக்கால் அளவு தண்ணீரில் ஏறி வலித்தோம். பலகையின் அடியில் வால் பக்கம் மீன் செட்டை மாதிரி ஒன்று இருக்கிறது. அது சேற்றில் குத்த, பலகை நின்றது, நாங்கள் நிற்கவில்லை. முழங்கால் அளவு தண்ணீருக்குப் பிறகுதான் ஏற வேண்டும் என்று அவன் அதற்குப் பிறகு சொன்னான். முதலில் சொல்லாததும் பழிவாங்கலில் சேர்த்தி.

ஏறியதும் நிற்கக் கூடாது. பலகையின் நடுவில் தூக்குவதற்கு ஒரு பிடி இருக்கிறது. அதன் இரு பக்கமும் முழங்கால் வைத்து மண்டியிட்டு வலிக்க வேண்டும். தொழுகையில் நடு இருப்பில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது பெரிய விசயமில்லை. அந்த நிலையிலேயே பத்து, பதினைந்து நிமிடம் போனால் பலகை எப்படி அசைகிறது என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். எழும்பும்போது துடுப்பைப் பலகைக்குக் குறுக்கே வைத்து, கையை ஊன்றி, முழங்கால் இருந்த இடத்திலேயே ஒவ்வொரு பாதமாக வைத்து எழும்ப வேண்டும். பாதிக் குனிந்தபடி யோசித்துக்கொண்டு நின்றால் விழுவோம். எழும்பிய அடுத்த நொடி துடுப்பு தண்ணீருக்குள் போக வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு மூன்றாவது கால். மேலே தூக்கிப் பிடித்தால் வெறும் தடி.

துடுப்பைப் பற்றியும் ஒரு வெட்கக்கேடு உண்டு. அதன் இலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். சாய்வு முன்பக்கம் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு நாள் அதைக் கறி அகப்பை மாதிரித் திருப்பிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை அள்ளியிருக்கிறோம். கேட்டால், "வெள்ளைக்காரனும் அப்படித்தான் சேர் புடிப்பான், கவலப்படாதீங்க" என்றான். நீளமும் ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும். நிமிர்ந்து நின்று கையை மேலே நீட்டினால் பிடி மணிக்கட்டளவில் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் குனிவோம். குனிந்தவன் விழுவான்.

எழும்பி நின்றதும் எங்கள் நால்வருக்கும் ஒரே வியாதி. கால் தையல் மெஷின் மாதிரி அடிக்கத் தொடங்கியது. பலகை இடப்பக்கம் ஒரு விரல் சாய, நாங்கள் வலப்பக்கம் நாலு விரல் இழுக்க, அது திரும்ப வலப்பக்கம் போக, நாங்கள் இன்னும் பலமாக இடப்பக்கம் இழுக்க... கடைசியில் சளார். மாணவன் முழங்காலைத் தளர்த்தச் சொன்னான், தூரத்தைப் பார்க்கச் சொன்னான். காதில் விழுந்தது, காலில் இறங்கவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் தோணியில் நின்றுகொண்டு வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்த காக்கா வாயைத் திறந்தார். அறுபதைத் தாண்டியவர். எங்களில் ஒருவரின் வாப்பாவோடு தொழில் செய்தவர். இரண்டு நாளாக எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்.

"தோணி ஆடட்டும் சேர், நீங்க என்னத்துக்கு ஆடுறீங்க?"

சொல்லிவிட்டு வலையைத் தோளில் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைச் சுழற்றி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. அவருடைய தோணியின் அகலம் எங்கள் பலகையை விடக் குறைவு. எறிந்த வேகத்துக்குத் தோணி நன்றாக ஆடியது. அவர் இடுப்புக்குக் கீழே தோணியோடு போய் வந்தது. இடுப்புக்கு மேலே ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. தலை அசையவேயில்லை. கண் வலையின் மேலும் இல்லை, காலின் மேலும் இல்லை.

சின்ன வயதிலிருந்து இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அதற்குப் பிறகு காக்கா ஒவ்வொரு சனி ஞாயிறும் இரண்டு மூன்று வார்த்தை சொல்வார். விரலால் பலகையைப் பிடிக்காதீங்க என்றார். உண்மைதான். பயத்தில் கால்விரல்கள் பறவைக் கால் மாதிரி மடங்கிக் கெவ்விப் பிடித்திருந்தன. பத்து நிமிடத்தில் பாதம் மரத்துப் போவது அதனால்தான். விரல்களைத் தூக்கி, ஆட்டி, பாதத்தை முழுதாகப் பரப்பினோம். பாதி நடுக்கம் போனது. காலைப் பார்க்காதீங்க, அந்தக் கண்டல் மரத்தின் நுனியைப் பாருங்க என்றார். தொழுகையில் சுஜூது செய்யும் இடத்தைப் பார்த்துப் பழகிய கண் எந்நேரமும் கீழே இறங்கியது. அதை நிமிர்த்தவே ஒரு மாதம் எடுத்தது.

வலிக்கும் முறையை மாணவன் சொன்னான், காக்காவும் தலையாட்டினார். முன்னால் எட்டி, இலை முழுதும் தண்ணீருக்குள் போன பிறகு இழுக்க வேண்டும். பாதத்துக்கு நேரே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் பலகை திரும்புமே தவிர முன்னால் போகாது. கையால் இழுத்தால் தோள் வலிக்கும். இடுப்பும் முதுகும் திரும்ப வேண்டும். நேராகப் போகத் துடுப்பைப் பலகையோடு ஒட்டி வலிக்க வேண்டும், திரும்ப வேண்டுமென்றால் அகலமாக அரை வட்டம் போட வேண்டும்.

விழுவதையும் பழகினோம். வேண்டுமென்றே. பலகையின் மேல் விழாமல், அதை விட்டு விலகி, உடம்பைப் பரப்பித் தட்டையாக விழ வேண்டும். களப்பு பல இடங்களில் இடுப்பளவுதான். தலைகீழாகவோ காலை நேராகக் குத்தியோ விழுந்தால் கழுத்தோ கணுக்காலோ போய்விடும். விழப் பயப்படுகிறவன்தான் இறுகிப்போய் விழுகிறான். இருபது தடவை வேண்டுமென்று விழுந்த பிறகு, வேண்டாமல் விழுவது குறைந்தது.

கணக்குச் சேர் விசயத்துக்கு வருவோம். மற்ற மூவரும் நாலாம் நாள் நின்றுவிட்டோம். அவர் ஐந்து கிழமை மண்டியிட்டபடியே வலித்தார். காலுக்குத் தரை தெரியாதவருக்குத் தண்ணீர் எப்படித் தெரியும்? ஆறாவது கிழமை எழும்பினார். மூன்று எண்ணும்வரை நின்றார். அடுத்த கிழமை பதினொன்று. அவர்தான் எண்ணினார், கணக்கு வாத்தியார் இல்லையா. உள்ளங்கால் சொல்லாததைக் கண்ணும் இடுப்பும் சொல்லப் பழகிக்கொண்டன என்று நினைக்கிறோம். நரம்பு திரும்ப வளரவில்லை. அப்படி யாரும் ஆசை காட்ட வேண்டாம்.

சீனி வருத்தக்காரர் யாரும் இதை வாசித்துவிட்டு நேரே களப்புக்கு ஓடாதீர்கள். முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அவர் வெறுங்காலோடு ஒரு நாளும் இறங்கவில்லை. தண்ணீருக்குப் போடும் றப்பர் சப்பாத்து போட்டே இறங்கினார். மட்டி ஓடு கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு உட்பட நாங்கள் பார்ப்போம். ஒரு நாள் சின்னக் கீறல் ஒன்று கண்டு, பத்து நாள் விடுமுறை கொடுத்தோம். சண்டை பிடித்தார். விடவில்லை.

இனி, சிரிக்க முடியாத பகுதி.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கச்சான் வழமையை விட முந்தி எழும்பியது. எட்டரை மணிக்கே காற்று. எங்களில் ஒருவர் நன்றாக வலிக்கிற தைரியத்தில் கொஞ்சம் தூரம் போயிருந்தார், காற்றுப் போகிற பக்கமாக. போகும்போது சுகமாக இருந்ததாம். தான் கெட்டிக்காரன் ஆகிவிட்டதாக நினைத்தாராம். திரும்பியபோதுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் காற்றுத்தான் வலித்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதன் ஒரு பாய்மரம். காற்றடித்த பலகை இலேசு, தண்ணீரில் பிடிப்பில்லை. வலிக்க வலிக்க முகத்துவாரப் பக்கமே போய்க்கொண்டிருந்தார். கரையிலிருந்து கத்தினோம், "குந்துங்க! குந்துங்க!" காற்றில் கேட்கவில்லை. காக்கா வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தோணியைத் திருப்பினார்.

ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார், பலகையோடு கயிறும் இருந்தது. ஆனால் கரையில் நின்ற எங்களில் இன்னொருவருக்கு அன்று கால் மடிந்துவிட்டது. அவர் எங்கள் தமிழ் சேர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தண்ணீரில் கால் வைக்காதவர். அவர் இழந்தது யாரை என்று ஊருக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டோம். எங்களோடு வந்தது செருப்பையும் ஃப்ளாஸ்கையும் பார்த்துக்கொள்ள மட்டும்தான். வீடியோவில் நாலு பேர் தெரிவதாகச் சொன்னோமே, அவர் ஐந்தாவது. படம்பிடித்தவனுக்குப் பின்னால் இருந்தவர்.

அன்று எல்லோரும் கரையேறிய பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பலகையை மடிக்க உதவினார். ஓட்டோவில் ஏறும்போதுதான் சொன்னார்: "நீந்தத் தெரிஞ்சிருந்தா நான் அவருக்குப் பின்னால போயிருப்பன்." அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சில சட்டங்கள். எட்டு மணிக்கு எல்லோரும் கரையில். முதலில் காற்றுக்கு எதிராகத்தான் போக வேண்டும், திரும்பும்போது காற்று உதவட்டும். காற்றில் மாட்டினால் உடனே மண்டியிட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் படுத்துக்கொண்டு கையால் வலிக்க வேண்டும். பலகையை ஒருபோதும் விடக் கூடாது, அதுதான் மிதக்கும். அங்கி இல்லாதவருக்குப் பலகை இல்லை. நீரோட்டம் உள்ள பக்கம் கணுக்கால் கயிறு ஆபத்து, கண்டல் வேரில் சிக்கினால் குனிந்து கழற்ற முடியாது. இழுத்ததும் கழரும் இடுப்புக் கயிறுதான் வேண்டும். அப்புறம் முதலை. அறுகம்பைக்குத் தெற்கே 2017இல் ஒரு வெளிநாட்டுக்காரரை முதலை கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுபஹு தொழுத கையோடு நாங்கள் இறங்குவதில்லை. வெயில் நன்றாக விழுந்த பிறகு, கண்டல் ஓரத்தை விட்டு விலகி, திறந்த வெளியில் மட்டும். அதுவும் காக்கா "இண்டைக்கு இறங்கலாம்" என்று சொன்னால். அவர் வேண்டாமென்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புவோம். காரணம் கேட்பதில்லை.

வீட்டிலும் பழகலாம், செலவில்லை. பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் பிடிக்கச் சுவர் இருக்கட்டும். தரையில் ஒரு நேர் ஓட்டின் கோட்டில் குதிக்கு முன்னால் விரல் வைத்து நடவுங்கள். அத்தஹிய்யாத்து இருப்பிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். எங்களில் இருவருக்கு முடியவில்லை. நாற்பத்தைந்து வயது! அதில் ஒருவர் விளையாட்டுப் போட்டிக்குப் பொறுப்பாசிரியர் என்பதைப் பெயர் சொல்லாமல் விடுகிறோம்.

இந்தப் பதிவை எழுதும் முன் பாடசாலையில் ஒரு டீச்சர் கேட்டார்: "நீங்க நாலு பேரும் போய் விழுந்து பழகுறீங்க. எங்களுக்கு?" அவருக்கும் முழங்கால் வருத்தம், அவருடைய உம்மா கடந்த வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். எங்களிடம் நல்ல பதில் இல்லை. 2018இல் அறுகம்பைப் பெண்பிள்ளைகள் தங்களுக்கென்று சேர்ஃபிங் கழகம் தொடங்கியபோது நம் ஊரில் என்னென்ன கதைத்தோம் என்பது ஞாபகம் வந்தது. கதைத்தவர்களில் எங்களில் சிலரும் உண்டு. மறைவான இடம், பெண் பயிற்சியாளர், ஏற்ற உடுப்பு எல்லாம் ஒழுங்கு செய்யக் கூடியவைதான். ஒழுங்கு செய்ய யார் முன்வருவது என்பதுதான் பிரச்சினை. கொமெண்டில் சண்டை பிடிக்காமல், வழி தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.

இன்னொன்று. தரம் 9இல் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டோம், எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று. 31 பிள்ளைகள். ஏழு கை. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு, நடுவில் 24 பிள்ளைகள். பலகை வாங்கித் தாருங்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. பலகை எங்களுடைய பைத்தியம். ஆனால் நீச்சல் பழக்க ஆள் வேண்டும். பெற்றோரின் சம்மதம் வேண்டும். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூரமாக்கி வளர்த்தோம். பயத்துக்குக் காரணம் இருந்தது, குற்றம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளையும் தூரமாக்குகிறார்கள்.

தமிழ் சேர் போன சனிக்கிழமை முழங்கால் அளவு தண்ணீர்வரை வந்தார். சப்பாத்தைக் கழற்ற மறந்துவிட்டார். காக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இறால் தெரிந்துகொண்டிருந்தார்.

கணக்குச் சேர் நேற்று இஷாவுக்கு ஹவ்ளில் நின்று கால் கழுவினார். இப்போதும் தூணைப் பிடிக்கத்தான் செய்கிறார். ஒரு விரலால்.

வரும் சனிக்கிழமை காற்றில்லை என்றால் ஆறே முக்காலுக்குக் களப்பில் இருப்போம். சிரிக்க வருகிறவர்கள் ஃப்ளாஸ்கில் பிளேன்டீயோடு வாருங்கள். காக்காவுக்கு சீனி குறைவாக.